உழவா, உழாமையா? 30 சென்ட் செம்மண்ணில் காய்கறிப் பாத்தி போடுவது பற்றி

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டைப் பக்கம் 30 சென்ட் செம்மண், கிணற்றுப் பாசனம். பட்டத்துக்குப் பட்டம் வாடகை டிராக்டரில் ரோட்டவேட்டர் ஓட்டி, ரசாயனம் இல்லாமல் காய்கறி போடுகிறீர்கள். மழை பெய்து வெயில் அடித்தால் மேல்மண் ஓடு கட்டுகிறது, கீரை விதை முளைத்து மேலே வர முடியவில்லை, கோரை வருஷத்துக்கு வருஷம் கூடுகிறது. ஒருவர் "மண்ணைத் தொடவே கூடாது, உழாமலே செய்யுங்கள்" என்கிறார். இன்னொருவர் "ஆழ உழுங்கள், இரண்டடி தோண்டிப் பாத்தி போடுங்கள்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? பாத்தியை எந்தத் திசையில் போடுவது?

இரண்டு பேர் சொல்வதும் சரிதான், ஆனால் வெவ்வேறு வருஷத்துக்கு. இறுகிப்போன நிலத்தில் முதல் வருஷம் ஆழமாகச் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதை மண்ணின் ஈரப் பதம் பார்த்து ஒரே தடவையில் முடித்துவிட வேண்டும். அப்புறம் அந்தப் பாத்தியின் மேல் காலும் படக்கூடாது, டயரும் படக்கூடாது, மண்ணைப் புரட்டவும் கூடாது. இறுகிய நிலத்தில் முதல் நாளே உழவை நிறுத்தியவருக்கு விளைச்சல் வராது. வருஷா வருஷம் ஆழ உழுதுகொண்டே இருப்பவருக்கு மண் தேறாது. இரண்டையும் நிறையப் பார்த்தாயிற்று.

எதைத் தொடங்கும் முன்பும் நிலத்தின் நடுவில் ஒரு குழி வெட்டுங்கள். மழையோ பாசனமோ ஆகி இரண்டு மூன்று நாள் கழித்து, ஒன்றரை அடி ஆழத்துக்கு வெட்டினால் போதும். ஒரு பக்கச் சுவரை மட்டும் மண்வெட்டியால் வழித்துவிடாமல் அப்படியே விட்டு, ஒரு கத்தியின் நுனியால் மேலிருந்து கீழாக அங்குலம் அங்குலமாகக் குத்திக்கொண்டே வாருங்கள். ரோட்டவேட்டர் மட்டுமே ஓடிய செம்மண்ணில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: மேலே 4, 5 அங்குலத்துக்குக் கத்தி தானாக இறங்கும். அதற்குக் கீழே 2, 3 அங்குலத்துக்குக் குத்தவே குத்தாது. நுனி வழுக்கும், அழுத்தினால் மண் தகடு தகடாகப் பெயரும். அதைத் தாண்டினால் கத்தி மறுபடி இறங்கும், அங்கே மண் ஈரமாகக்கூட இருக்கும். நடுவில் இருக்கிற அந்தத் தகடுதான் பிரச்சினை. போன பட்டத்து வெண்டைச் செடி ஒன்று நின்றால் சுற்றித் தோண்டி வேரோடு எடுத்துப் பாருங்கள். ஆணிவேர் 5 அங்குலம் நேராக இறங்கி, தகட்டில் முட்டி, செங்கோணமாகத் திரும்பிப் படுக்கையாக ஓடியிருக்கும். திரும்பிய இடத்தில் தடித்து நெளிந்திருக்கும். காலையில் தண்ணீர் விட்ட செடி மதியம் 2 மணிக்குத் துவண்டு நிற்கிறதே, அதற்குக் காரணம் இதுதான். கீழே ஈரம் இருக்கிறது, வேர் போக வழி இல்லை.

ரோட்டவேட்டரின் வளைந்த கத்திகள் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே ஆழத்தில்தான் சுழல்கின்றன. மேலே மண்ணைப் பொடியாக்குகிற அதே கத்தி, அடியில் மண்ணைத் தேய்த்து மெழுகுகிறது. ஈரம் அதிகமாக இருக்கும்போது ஓட்டினால் இன்னும் மோசம். அதோடு இரண்டு டன் அளவு எடையுள்ள டிராக்டரின் சக்கரம் மேலே ஏறிப் போகிறது. இது அடியில் நடக்கிறது. மேலே வேறு கதை. நல்ல மண்ணில் மணலும் களியும், மக்கிப்போன தழையும் எருவுமான மக்கும், பூஞ்சை இழையும் சேர்ந்து சின்னச் சின்னக் குருணையாக ஒட்டியிருக்கும். அந்தக் குருணைகளுக்கு நடுவில்தான் காற்றும் தண்ணீரும் போகின்றன. ரோட்டவேட்டர் அவற்றை மாவாக்கிவிடுகிறது. அடுத்த மழையில் துளிகள் அந்த மாவை அடித்துக் கரைத்து, நுண்துளைகளை அடைத்து, காய்ந்ததும் ஓடாக்குகின்றன.

செம்மண்ணுக்கு இதில் ஒரு கூடுதல் கஷ்டம் உண்டு. கரிசல் மண் நனைந்தால் ஊதும், காய்ந்தால் பிளக்கும். ஒவ்வொரு கோடையிலும் அது தன்னைத் தானே கொஞ்சம் உழுதுகொள்கிறது. செம்மண்ணுக்கு அந்தக் குணம் இல்லை. இறுகினால் இறுகியதுதான். வேரும் மண்புழுவும் மக்கும் வந்துதான் அதைத் திறக்க வேண்டும். மண்ணைக் கிளறும்போது காற்று உள்ளே போய், நுண்ணுயிர்கள் மக்கை வேகமாகத் தின்கின்றன, நம் ஊர் வெப்பத்தில் இன்னும் வேகமாக. அதனால்தான் நன்றாக ஓட்டிய உடனே போட்ட பயிர் பச்சைப்பசேல் என்று வருகிறது. அந்தப் பச்சை, மக்கிலிருந்து விடுபட்ட தழைச்சத்து (நைட்ரஜன்). மண்ணின் கையிருப்பைக் கரைத்துத்தான் அது வருகிறது, எருவாலோ தழையாலோ நிரப்பாவிட்டால் மூன்று நான்கு பட்டத்தில் தீர்ந்துவிடும்.

இன்னொரு சின்னச் சோதனையும் செய்துவிடுங்கள். நன்றாகக் காய்ந்த மண்கட்டி ஒன்றைப் பட்டாணி அளவில் எடுத்து, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, மெதுவாக உள்ளே விட்டுக் கலக்காமல் 10 நிமிஷம் பாருங்கள். கட்டி முழுசாக நின்றால் நல்ல மண். பொலபொலவென்று சரிந்து, தண்ணீர் மட்டும் தெளிவாக இருந்தால் மக்கு குறைவு. கட்டியைச் சுற்றித் தண்ணீர் பால் போலக் கலங்கி, அந்தக் கலங்கல் தெளியாமலே நின்றால் மண்ணிலோ கிணற்றுத் தண்ணீரிலோ சோடியம் உப்பு கூடுதலாக இருக்கலாம். அப்போது என்ன உழவு உழுதாலும் பலன் குறைவு. மண்ணையும் தண்ணீரையும் பரிசோதித்து, தேவைப்பட்டால் ஜிப்சம் போட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும். பரிசோதனைக்கு மண் எடுக்கும்போது வரப்பு ஓரம், மரநிழல், எரு கொட்டிய இடம் மூன்றையும் விட்டுவிட்டு, 10, 15 இடத்தில் 15 செ.மீ ஆழத்துக்கு எடுத்து, ஒன்றாகக் கலந்து, கடைசியில் அரைக் கிலோ மட்டும் கொடுங்கள்.

இனி உழாமை பற்றி. அதைச் சொல்கிறவர்கள் எல்லோரும் கடைசியில் ஜப்பானின் இயற்கை விவசாயி மசனோபு ஃபுகோகாவிடம் போய் நிற்பார்கள். அவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அவருடைய பெயரைச் சொல்லி நிலத்தைச் சும்மா விடச் சொல்வது அவருக்கே நியாயம் செய்வதாகாது. ஷிகோகு தீவில் அவர் பழத்தோட்டம் போட்டது நல்ல மேல்மண் போய்விட்ட மலைச்சரிவில். இறுகிய அந்த மண்ணைத் திறக்க வேலமர வகையும் நீள முள்ளங்கியும் வளர்த்தார். நெல் வயலில் வைக்கோல் முழுவதையும் திருப்பிப் போட்டார், கீழே வெள்ளைக் குளோவர் என்கிற தீவனச் செடியைப் படர விட்டார். அதாவது இயந்திரம் செய்கிற வேலையை வேரையும் தழையையும் விட்டுச் செய்ய வைத்தார். தரையை மூடுகிற அளவுக்குத் தழை கிடைக்கிற இடத்தில்தான் உழாமை நிற்கும். மூடாக்கு இல்லாமல் உழாமல் விட்ட செம்மண், புதுக்கோட்டை வெயிலில் ஒரே கோடையில் தார் ரோடாகிவிடும்.

ஆழ உழச் சொல்கிறவர் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். "அகல உழுவதை விட ஆழ உழு" என்று நம்மில் சொன்னவர்கள் மாட்டைப் பூட்டி நாட்டுக் கலப்பை பிடித்தவர்கள். அந்தக் கலப்பை 4 முதல் 6 அங்குலம்தான் இறங்கும். கீறிக்கொண்டு போகுமே தவிர மண்ணைத் தலைகீழாகப் புரட்டாது. அவர்கள் சொன்ன ஆழம் அவ்வளவுதான். அதை மண்ணைப் புரட்டுகிற சட்டிக் கலப்பைக்கும் இரண்டடிக் குழிக்கும் பொருத்தினால் தப்பாகிவிடும். உங்கள் பகுதியில் பல இடங்களில் ஒன்றரை அடிக்குக் கீழே சரளையோ சுக்கான் என்கிற சுண்ணாம்புக் கல்லோ வந்துவிடும். சுக்கானைத் தோண்டி மேலே கொண்டுவந்தால் சுண்ணாம்பு கூடி, செடிக்கு இரும்புச்சத்து கிடைக்காமல் போகும். இளம் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்பதைப் பிறகு எந்தக் கரைசலாலும் எளிதில் சரிசெய்ய முடியாது. ஆகவே கீழ்மண்ணை உடைக்கலாம், மேலே கொண்டுவரக் கூடாது. இந்த ஒரு விதியை மறக்காதீர்கள்.

சரி, முதல் வருஷ வேலை. தகடு 8 அங்குலத்துக்குள் இருக்கிறதென்று குழியில் தெரிந்துவிட்டால் உளிக்கலப்பைதான் அதற்குச் சரியான கருவி. ஒற்றை உளி மண்ணைப் புரட்டாமல் கீழே கீறிக்கொண்டே போகும். அரை மீட்டர் இடைவெளியில் முதலில் ஒரு திசையிலும், பிறகு அதற்குக் குறுக்காகவும் ஓட்டச் சொல்லித்தான் வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரையும் இருக்கிறது. ஓட்டுவதற்கு முன் ஏக்கருக்கு 5 டன் தொழு எரு பரப்பிவிடவும் சொல்கிறது. வேளாண்மைப் பொறியியல் துறையில் வாடகைக்குக் கேட்டுப் பார்க்கலாம். இதில் பலர் தவறவிடுகிற விஷயம், உளிக்கலப்பை காய்ந்த மண்ணில்தான் ஓட வேண்டும் என்பது. காய்ந்திருந்தால் தகடு நொறுங்கும், பக்கவாட்டிலும் விரிசல் ஓடும். ஈரமாக இருந்தால் வெண்ணெயில் கத்தி போட்ட மாதிரி ஒரு கோடு விழும், அடுத்த மழையில் மூடிக்கொள்ளும். பங்குனி, சித்திரைதான் இதற்கு நேரம்.

டிராக்டர் உள்ளே வர வழியில்லை, அல்லது 30 சென்டுக்கு வர ஓட்டுநர் சம்மதிக்கவில்லை என்றால் கடப்பாரை போதும். நிலம் முழுவதும் வேண்டாம், பாத்தி வரப்போகிற இடத்தில் மட்டும். முக்கால் அடிக்கு ஒரு குத்து, ஓரடி ஆழத்துக்கு இறக்கி, பின்னால் சாய்த்து நெம்பி, மண் லேசாக எழும்பிப் பிளந்ததும் உருவிவிட வேண்டும். மண்ணை அள்ளவோ திருப்பவோ வேண்டாம். கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால், இரண்டு கைப்பிடியும் ஓரடி நீளத்தில் நாலைந்து கனத்த பற்களும் வைத்த நெம்புகோல் கரண்டி ஒன்றை வெல்டிங் பட்டறையில் செய்துகொள்ளுங்கள். காலால் மிதித்து இறக்கி, இரண்டு கையாலும் பின்னால் சாய்ப்பது. முதல் வருஷம் கடப்பாரைக்கு உதவியாகவும், பிறகு பட்டத்துக்குப் பட்டம் பாத்தியைத் தளர்த்தவும் அது பயன்படும்.

கோடை மழை ஒன்றிரண்டு விழுந்ததும் கொத்துக் கலப்பையில் (கல்டிவேட்டர்) குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சால். இந்த உழவுக்குப் பதம் முக்கியம். ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். உருண்டையாகப் பிடிபட வேண்டும், இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் உதிர வேண்டும். புட்டுமாவுப் பதம் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். கையில் ஒட்டினாலோ, விரலுக்கு நடுவில் தேய்க்கும்போது நாடா மாதிரி நீண்டாலோ அன்றைக்கு உழவு வேண்டாம், டிராக்டர் வீட்டு வாசலில் வந்து நின்றாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள். வாடகை டிராக்டருக்கு அவருடைய நாள், மண்ணுக்கு மண்ணின் நாள். ஈரத்தில் செய்த ஓர் உழவு கெடுத்ததை அடுத்த மூன்று வருஷத்து எரு திருத்த வேண்டியிருக்கும்.

கோரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இயற்கை முறையில் தோட்டம் போட்டுவிட்டு அதை விட்டுவிட்டுப் போகிறவர்களில் பாதிப்பேர் கோரையால்தான் போகிறார்கள். ஒரு கோரையைப் பிடுங்கினால் மேலே இருக்கிற கிழங்கு மட்டும் வரும், அல்லது அதுவும் வராது. மண்வெட்டியால் சுற்றி வெட்டி மண்ணோடு எடுத்து உதிர்த்துப் பாருங்கள். கறுப்புக் கம்பி மாதிரி ஒரு தண்டில் கிழங்கு, அப்புறம் கொஞ்சம் கம்பி, அப்புறம் கிழங்கு என்று சங்கிலியாகப் போகும். சங்கிலி அறுபடாத வரை நுனிக் கிழங்கு மற்றவற்றின் முளையை அடக்கி வைத்திருக்கும். ரோட்டவேட்டர் அந்தச் சங்கிலியைத் துண்டு துண்டாக நறுக்கி வயல் முழுவதும் தூவுகிறது. அடக்க ஆள் இல்லாததால் ஒவ்வொரு துண்டும் முளைக்கிறது. உங்கள் நிலத்தில் கோரை கூடியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அதற்கு இரண்டு எதிரிகள்: வெயிலும் நிழலும். கொத்துக் கலப்பை நறுக்காமல் சங்கிலியை இழுத்து மேலே போடும். சித்திரை, வைகாசி வெயிலில் மேலே கிடந்த கிழங்கு சில நாளில் காய்ந்து செத்துவிடும். 10, 15 நாள் இடைவெளியில் திரும்பத் திரும்ப இழுத்துப் போட்டால் மேலடுக்கில் பெரும்பங்கு தீரும். "கோடை உழவு கோடி நன்மை" என்பது இந்த இடத்தில் நூற்றுக்கு நூறு உண்மை. நடுவில் மழை விழுந்தால் மட்டும் மறுபடி வெயில் வரும்வரை பொறுக்க வேண்டும். மிச்சமிருப்பதை நிழலால் அடக்குங்கள். கோரை வெயிலில்தான் கொழிக்கும், மேலே அடர்ந்த பயிர் மூடினால் சோர்ந்துவிடும். செய்தித்தாள் பரப்பி மேலே வைக்கோல் போடுகிற முறை மற்ற களைகளுக்குச் சரி. கோரையின் ஊசிமுனை பிளாஸ்டிக் மூடாக்கையே துளைத்துக்கொண்டு வரும், காகிதம் அதற்குப் பொருட்டே இல்லை. அருகம்புல்லுக்கும் ஏறக்குறைய இதே வைத்தியம்தான், கொடியை நறுக்காமல் வாரி எடுத்து வரப்புக்கு வெளியே போட வேண்டும்.

நிழலுக்கும் வேருக்கும் சேர்த்து ஆடி முதல் வாரத்தில் சணப்பு என்கிற பசுந்தாள் உரப் பயிரை விதையுங்கள். 30 சென்டுக்கு 4 முதல் 5 கிலோ, கொஞ்சம் நெருக்கமாகவே. உளிக்கலப்பையோ கடப்பாரையோ திறந்துவைத்த விரிசல் அப்படியே இருக்காது, வேர் உள்ளே போனால்தான் நிலைக்கும். உடைத்த வருஷமே பசுந்தாள் போட வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது அதனால்தான். தகடு மிகவும் தடிமனாக இருந்தால் வரப்பு ஓரமாகத் துவரையும் ஊன்றுங்கள். அதன் ஆணிவேர் மற்ற எந்தக் காய்கறியும் போகாத இடத்துக்குப் போகும். சணப்பு வேர்முடிச்சு நூற்புழுவையும் குறைக்கும், தக்காளி, கத்தரி, வெண்டை என்று சுற்றிச் சுற்றிப் போடுகிற தோட்டத்துக்கு அது பெரிய உதவி. பல வகை விதைகளைக் கலந்து விதைக்கிற பல தானிய விதைப்பும் நல்லதுதான். ஆனால் கோரை உள்ள நிலத்தில் சணப்பு மாதிரி சீக்கிரம் நெடுநெடுவென்று எழும்பி மூடுகிற ஒற்றைப் பயிர்தான் எனக்கு நம்பிக்கை தருகிறது.

45 நாள் ஆகி, பூ எடுக்கிற தருணத்தில் சணப்பை அறுங்கள். அதற்கு மேல் விட்டால் தண்டு நாராகிவிடும், மக்க நாளாகும். இந்த இடத்தில் டிராக்டரை மறுபடி உள்ளே விட்டு மடக்கி உழுவதுதான் வழக்கம். வேண்டாம் என்பேன். உடைத்த தகட்டை அதே சக்கரம் மறுபடி அழுத்தும். பதிலாக முதலில் கயிறு கட்டிப் பாத்தியையும் நடைபாதையையும் குறித்துவிடுங்கள். அறுத்த சணப்பைத் துண்டு துண்டாக வெட்டிப் பாத்தி வருகிற இடத்தில் மட்டும் பரப்புங்கள். நடைபாதை வருகிற இடத்தில் 4 அங்குல மேல்மண்ணை மண்வெட்டியால் வெட்டி, தழைமேல் போடுங்கள். பாத்தியும் உயர்ந்துவிடும், தழையும் மூடப்பட்டுவிடும், நடைபாதைக்குத் தேவையில்லாத நல்ல மண் பயிருக்குக் கிடைத்துவிடும். இரண்டு மூன்று வாரம் மக்க விட்டால் புரட்டாசி நடவுக்குச் சரியாக இருக்கும்.

பாத்தியின் அகலம் 4 அடி என்று நிறைய இடத்தில் படித்திருப்பீர்கள். நின்றுகொண்டு நீளக் கைப்பிடிக் கருவியால் வேலை செய்கிற ஊர்களுக்கு அது பொருந்தும். நம் ஊரில் களை எடுப்பவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து களைக்கொத்தால் எடுக்கிறார். உட்கார்ந்த கைக்கு ஒன்றரை அடிதான் சிரமமில்லாமல் எட்டும். 4 அடி வைத்தால் நடுக்களைக்காகப் பாத்திக்குள் ஒரு கால் வைப்பார்கள், வைக்காதீர்கள் என்று தினமும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே 3 அடிப் பாத்தி, ஒன்றரை அடி நடைபாதை. நீளம் உங்கள் வசதி, ஆனால் 30 அடிக்கு மேல் போனால் சுற்றிப் போகச் சோம்பி யாராவது குறுக்கே மிதிப்பார்கள்.

திசை பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் அட்சரேகையில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலேதான் போகிறது, கிழக்கு மேற்கா வடக்கு தெற்கா என்பது பெரிய வித்தியாசம் தராது. சரிவுதான் முக்கியம். சரிவுக்குக் குறுக்காகப் போடுங்கள், மழைத் தண்ணீர் ஓடாமல் நடைபாதையில் நின்று இறங்கட்டும்.

மேட்டுப்பாத்தியா, தாழ்பாத்தியா என்பது பருவத்தைப் பொறுத்தது. ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு மேடு வேண்டும், இல்லையென்றால் தக்காளியும் மிளகாயும் வேரழுகிப் போகும். சித்திரை வெயிலில் அதே மேடு நாலு பக்கமும் காய்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும், அப்போது தரைமட்டப் பாத்தியோ கொஞ்சம் தாழ்ந்ததோதான் நல்லது. ஆனால் நிரந்தரப் பாத்தியைப் பருவத்துக்குப் பருவம் கலைத்துக் கட்ட முடியாது. செம்மண் ஓரளவு வடியும் என்பதால் நடைபாதையிலிருந்து 6 அங்குலம் உயரம் போதும். பாத்தியின் இரண்டு ஓரத்தையும் விரல் உயரத்துக்குக் கரை பிடித்து, நடுவை லேசாகக் குழிவாக விடுங்கள். மழைக்காலத்தில் நடைபாதையின் தாழ்ந்த முனையை வெட்டித் திறந்துவிடுங்கள், கோடையில் அடைத்துவிடுங்கள். ஓரத்துக் கரையும் முனையும் மட்டும்தான் மாறும், பாத்தி மாறாது. சொட்டுநீர் போடுவதாக இருந்தால் 3 அடிப் பாத்திக்கு இரண்டு குழாய் ஓட வேண்டும். மணல் கலந்த செம்மண்ணில் தண்ணீர் பக்கவாட்டில் அதிகம் பரவாது, நேரே கீழே போய்விடும்.

இதைக் கரிசல்காரர்கள் படித்தால், அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே வடிகால்தான் முதல் கவலை. ஐதராபாத் அருகே பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் என்கிற பன்னாட்டு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் கரிசலுக்கென்றே வகுத்த அகலப்பாத்தி முறையில் பாத்தியும் சாலும் சேர்த்து மொத்தம் 150 செ.மீ, அதில் ஏறக்குறைய ஒரு மீட்டர் பாத்தி, மீதி தண்ணீர் வடிகிற சால். கரிசலில் ஈரத்தில் கால் வைப்பதே பாவம்.

எரு விஷயத்தில் நிரந்தரப் பாத்திக்கு நேரடி லாபம் ஒன்று உண்டு. காய்கறிக்கு ஏக்கருக்கு 10 டன் தொழு எரு என்பது பொதுவான கணக்கு. 30 சென்டுக்கு 3 டன். நீங்கள் பாத்திக்கு மட்டும் போடுவதால் 2 டன்னிலேயே அதே செறிவு வந்துவிடும். நடைபாதைக்கு எரு போட்டுக் களை வளர்க்க வேண்டியதில்லை. போடுகிற எரு மக்கியிருக்க வேண்டும். கையில் எடுத்தால் சாணி வாடை போய் மண்வாசனை வர வேண்டும், சூடு இருக்கக் கூடாது. பச்சைச் சாணியைக் கொட்டினால் வேர்ப்புழுவும் களைவிதையும் சேர்ந்தே வரும். எருவைப் பரப்பும்போது கொழுத்த வெள்ளைப் புழு தென்பட்டால் பொறுக்கிக் கோழிக்குப் போட்டுவிடுங்கள். ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம் என்பார்களே, அது சரிதான். முதல் பயிருக்கே பலன் வேண்டுமென்றால் கோடையில், பாத்தி போடும் முன், இரண்டு மூன்று ராத்திரி ஆட்டுக்கிடை போட முடிந்தால் அதைப் போன்ற எரு வேறில்லை. தென்னை நார்க்கழிவு மலிவாகக் கிடைக்கிறதே என்று மக்காமல் கலந்துவிடாதீர்கள். அதில் கரிமம் தழைச்சத்தைப் போல நூறு மடங்குக்கு மேல் இருக்கும். அதை மக்கவைக்க நுண்ணுயிர்கள் உங்கள் செடியின் தழைச்சத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். எருவை மேல் 3 அங்குலத்தில் களைக்கொத்தால் லேசாகக் கலந்தால் போதும். ஆழத்துக்குக் கொண்டுபோகிற வேலையை மண்புழு பார்த்துக்கொள்ளும்.

மண்புழு என்றதும் உரக்குழியிலிருந்து வாங்கிப் பாத்தியில் விடலாமா என்று கேட்பார்கள். உரம் தயாரிக்கப் பயன்படும் சிவப்புப் புழு சாணியிலும் மக்கிலும் வாழ்கிறது, வயல் மண்ணில் தங்காது. மண்ணைத் துளைத்து மேலும் கீழும் போவது நம் நாட்டுப் புழுக்கள். அவற்றை வாங்க வேண்டாம், ஈரமும் நிழலும் தின்னத் தழையும் இருந்தால் தாமாக வரும். ஒவ்வோர் உழவிலும் அவற்றின் வழிகளை அழித்துக்கொண்டிருந்தோம், அதை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது.

நடவுக்கு முன் ஒரு வாரம் ஒதுக்குங்கள். பாத்தியைச் சமன்படுத்தி, தண்ணீர் விட்டு, சும்மா விடுங்கள். மேலடுக்கில் இருந்த களைவிதை முளைக்கும். இரண்டு இலை விட்டதும் களைக்கொத்தை அரை அங்குலத்துக்கு மேல் இறக்காமல் சுரண்டிவிட்டு, அன்றோ மறுநாளோ நடுங்கள், விதையுங்கள். ஆழமாகக் கொத்தினால் கீழே தூங்கும் விதை மேலே வந்துவிடும், செய்த வேலை வீண். கீரை முளைக்காத பிரச்சினைக்கும் பதில் இங்கே இருக்கிறது. தண்டுக்கீரை விதையை மணலில் கலந்து தூவி, மேலே மண்ணைத் தள்ளாமல், சலித்த தொழு எருவைக் கால் அங்குலம் தூவுங்கள். அதற்கு மேல் வைக்கோலைத் தரை தெரியும் அளவுக்கு மெல்லியதாகப் போட்டுப் பூவாளியில் தண்ணீர் தெளியுங்கள். துளி நேராக மண்ணில் அடிக்காவிட்டால் ஓடு கட்டாது. முளை வந்ததும் வைக்கோலை விலக்கிவிடலாம்.

நாற்று நட்ட பயிருக்கு மூடாக்கு தடிமனாகவே இருக்கட்டும், 3, 4 அங்குலம். கரும்புச் சோகை, வைக்கோல், கடலைத்தொலி, எது உங்கள் ஊரில் சும்மா கிடைக்கிறதோ அது. மண் நன்றாக நனைந்த பிறகுதான் போட வேண்டும். காய்ந்த மண்ணில் போட்டால் சின்ன மழை மூடாக்கோடு நின்றுவிடும். தண்டைச் சுற்றி மூன்று விரல் இடம் விடுங்கள். செம்மண்ணில் கறையான் வரும், பயப்பட வேண்டாம். தின்னக் காய்ந்த தழை இருக்கும்வரை பெரும்பாலும் செடியைத் தொடாது. செடியைத் தொட ஆரம்பித்தால் மூடாக்கு தீர்ந்துவிட்டது அல்லது பாத்தி காய்ந்துவிட்டது என்று பொருள். நடைபாதையில் தேங்காய் மட்டையைக் கவிழ்த்துப் பரப்பினால் காலுக்கும் நல்லது, களையும் அடங்கும்.

பயிர் முடிந்ததும் செடியைப் பிடுங்காமல் தரைமட்டத்தில் அறுத்துவிட்டு வேரை உள்ளேயே விடுங்கள். அது மக்கிப் போன வழியில் அடுத்த வேர் இறங்கும். இதற்கு ஒரு விலக்கு: தக்காளி, கத்தரி, வெண்டை வேரில் முடிச்சு முடிச்சாகத் தெரிந்தால் அது நூற்புழு. அந்த வேரை முழுதாகத் தோண்டி எடுத்துக் காயவைத்து எரித்துவிட்டு, அந்தப் பாத்தியில் அடுத்ததாகச் சணப்போ செண்டுமல்லியோ போடுங்கள். பட்டத்துக்கு ஒருமுறை நெம்புகோல் கரண்டியையோ கடப்பாரையையோ இறக்கிச் சாய்த்து எடுத்தால் போதும், மேலே இரண்டு கூடை எரு. இரண்டாவது கோடை முடிந்ததும் பழைய குழிக்கு அருகில் மறுபடி ஒரு குழி வெட்டிக் கத்தியால் குத்திப் பாருங்கள். நுனி எங்கே நிற்கிறது, வேர் எங்கே வரை போயிருக்கிறது என்பதுதான் நீங்கள் செய்ததற்கான மதிப்பெண்.

மறுபடி உழவே வேண்டியிருக்காதா என்றால், சில நேரம் வேண்டியிருக்கும். வெள்ளம் தேங்கி மண் படிந்து இறுகினால், போர்வெல் போட வண்டி உள்ளே ஏறினால், ஒரு வருஷம் கவனிக்காமல் விட்டுக் கோரை திரும்ப மேலே வந்தால், தயங்காமல் ஒரு கோடை உழவு செய்துவிட்டு முதல் வருஷ வேலைகளை வரிசையாக மறுபடி தொடங்குங்கள். மரவள்ளி, சர்க்கரைவள்ளி, சேனை மாதிரிக் கிழங்குப் பயிர்களை மட்டும் இந்தப் பாத்திகளில் வைக்காதீர்கள். எடுக்கும்போது எப்படியும் அடிவரை தோண்டித்தான் ஆக வேண்டும். தெற்கு வரப்பை ஒட்டி 3 சென்ட் தனியாக ஒதுக்கி, அவற்றை அங்கேயே பயறோடும் சணப்போடும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.